பூனை பிடித்த எலி

கேபிள் வேலை பார்க்கிற சகாயத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரையே நடுங்க வைக்கிற ரவுடி கொம்பையா வீட்டில், தினமும் சாயங்காலம் பூனை எலியைத் துரத்துகிற கார்ட்டூன் சிடி போட வேண்டும்.

அன்று பூனையின் தலையில் தோசைக்கல் விழுந்ததும் அடியாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று கொம்பையாவுக்குத் தோன்றிவிட்டது.

"நாளைக்குப் பூனை அந்த எலியைப் பிடிக்கணும். பிடிக்கலேன்னா உன் கையை எடுத்துருவேம்லே," என்றார்.

எடுக்கக்கூடியவர்தான். ராத்திரி சகாயம் அந்தச் சிடியை ஓட்டி ஓட்டிப் பார்த்தான்.

மறுநாள் அவன் ரிமோட்டைக் கையை விட்டு இறக்கவில்லை. பூனை எலியைக் கைக்குள் இறுக்கி வாயைத் திறந்தது. அந்த நொடியில் சிடியை நிறுத்தி டிவியை அணைத்தான்.

"பிடிச்சிட்டுது அண்ணாச்சி."

கொம்பையா மீசையைத் தடவினார். "அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. தின்னுட்டுப் படுத்துட்டுது. இனிமே எந்தச் சிடி போட்டாலும் பூனை தூங்குறதுதான் தெரியும்."

அடியாட்களில் ஒருவன் கொட்டாவி விட்டான். இன்னொருவன் வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடினான். கொம்பையாவின் கை மெல்ல அரிவாள் பக்கம் போனது. சகாயம் வாசலைப் பார்த்தான். கை அரிவாளைத் தாண்டி முறுக்குத் தட்டுக்குப் போனது.

"எலியை விடச் சொல்லுலே," என்றார்.

டிவி மறுபடி ஓடியது. எலி நழுவ, பூனை சுவரில் மோதித் தகடாக ஒட்டிக்கொண்டது. முதலில் சிரித்தது கொம்பையாதான். அடியாட்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பிறகு சிரித்தார்கள். சகாயம் சிரிக்கவில்லை. தன் கையைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.