ஏகாம்பரம் வாங்கிவந்த சுரங்கம்

பெரம்பூர் சிறு ரயில் மன்றத்தில் மொத்தம் ஒன்பது உறுப்பினர்கள். எட்டுப் பேர் பொம்மை ரயில் செய்வார்கள். ஒன்பதாவது ஆள் ஏகாம்பரம். அவர், தான் ரயில் செய்த விதத்தைச் சொல்வார்.

மன்றம் என்றதும் கட்டடம், பெயர்ப்பலகை, வாசலில் வாட்ச்மேன் என்றெல்லாம் கற்பனை செய்துவிட வேண்டாம். ஜாபரின் மிக்சி ரிப்பேர் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, அதன் நடுவே எட்டடி மேசை, அவ்வளவுதான். அந்த மேசை மேல்தான் லோகநாயகி ஏழு மாதமாக ஒரு சுரங்க ரயில் நிலையம் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டட அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் போட்டவள். கோடு கால் மில்லி விலகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. ஐஸ் குச்சியில் பெஞ்சு, ஊசியில் கைப்பிடி, மருந்து அட்டையின் வெள்ளிக் காகிதத்தில் எஸ்கலேட்டர். எல்லாமே நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு.

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி. அதற்கு முன்னால், வியாழக்கிழமை நாலு மணிக்குக் கமிட்டிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். வேலை முடிந்து ரயில் ஓடினால் மண்டபத்தில் இடம். இல்லையென்றால் அந்த இடம் கப்பல் மாடல்காரர்களுக்குப் போய்விடும். கப்பல்காரர்கள் போன மாதமே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று அளவெடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

நிலையம் முடிந்துவிட்டது. தண்டவாளம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு குறை, சுரங்கம் இல்லை. சுரங்கம் இல்லாத சுரங்க ரயிலை எந்தக் கமிட்டி ஒப்புக்கொள்ளும்?

சுரங்கம் ஏகாம்பரத்தின் பாகம். மூன்று மாதத்துக்கு முன்னால் கூட்டத்தில் எழுந்து, "சுரங்கம் செய்யற கிட் பெட்டி, சாமான் எல்லாம் எங்க கிடைக்கும்னு எனக்குத் தெரியும். சுரங்கத்தை எங்கிட்ட விடுங்க" என்று மார்பில் தட்டிச் சொன்னவர் அவர்தான். மன்றத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் ஏற்ற பாகத்தை, அவராக முடிந்தது என்று சொல்லும்வரை இன்னொருவர் தொடக்கூடாது. முன்பு இரண்டு பேர் ஒரே சிக்னல் கேபினைத் தனித்தனியாகச் செய்து கொண்டுவந்து, ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததால் வந்த விதி அது. நல்ல விதிதான். ஏகாம்பரம் போன்றவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல, அதுதான் கோளாறு.

போன வருஷம் அவர் பயணிகள் பொம்மை வாங்கிவந்தார். ஒவ்வொரு பயணியும் ரயிலைவிட உயரம். அதில் ஒருவரைத் தலைவர் சிலை என்று பீடம் கட்டி நிறுத்திச் சமாளித்தார்கள். மிச்சம் பதினொரு பேருக்கும் சிலை வைக்க மேசையில் இடமில்லை.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஏகாம்பரம் மாடியேறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் குடை.

"சுரங்கக் கிட் எங்க சார்?" என்று லோகநாயகி கேட்டாள்.

"அதைச் சொல்லத்தானே வந்திருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் ஏகாம்பரம்.

லோகநாயகிக்குப் புரிந்துவிட்டது. சாமான் கொண்டுவந்தவன் மேசையைத் தேடுவான். கதை கொண்டுவந்தவன் நாற்காலியைத் தேடுவான். ஏழு மாத உழைப்பு இரண்டு மணி நேரத்தில் கப்பல்காரர்கள் கைக்குப் போகப்போகிறது. இந்த மனுஷனை நம்பியதற்குத் தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு பைப்பை இழுத்தாள். காலையில் பக்கத்து ஹார்டுவேர் கடையில் வாங்கி வைத்தது, மூன்று இஞ்சு பிளாஸ்டிக் பைப். நிஜச் சுரங்கத்தை எழுபத்தாறு மடங்கு சுருக்கினால் ஏறக்குறைய அந்த அளவுதான் வரும். இது அவளுக்கு மூன்று மாதமாகவே தெரியும். விதிதான் கையைக் கட்டிப் போட்டிருந்தது.

"என்ன மேடம் அது?" என்றார் ஏகாம்பரம்.

"வீட்டுல சிங்க் அடைச்சுக்கிச்சு சார். பைப்பு மாத்தணும். நீங்க சொல்லுங்க. கைக்குத்தான் வேலை, காது சும்மாதான் இருக்கு." கீழே கடையிலிருந்து வந்திருந்த ஜாபர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவள் ஆக்சா பிளேடால் நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்தாள்.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடை பாக்கி இல்ல. மூர் மார்க்கெட்ல ஒரு கடை பாக்கி இல்ல. எங்க போனாலும் ஒரே பதில். 'மேல ஓடுற ரயில் இருக்கு சார், கீழ ஓடுறது ஸ்டாக் இல்ல.' ஒருத்தன் புகை வண்டியை எடுத்துக் குடுத்து, 'இதையே கட்டிலுக்கு அடியில ஓட்டுங்க'ன்றான்."

இதுவரை சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஏகாம்பரம் எப்போதும் முதல் இரண்டு வாக்கியத்தை உண்மைக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்.

"கடைசியா பர்மா பஜார். அங்க ஒரு சின்னக் கடை. கடைக்காரன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். உக்காந்திருந்த பலகையைத் தூக்கினான். கீழ படிக்கட்டு! இறங்கினா, பஜாருக்கு அடியில இன்னொரு பஜார். ஏழு மாடி. மேல இல்ல மேடம், கீழ ஏழு மாடி. சுரங்க ரயிலுக்கு வேண்டிய சாமானைத் தவிர ஒண்ணும் விக்கறதில்ல."

"கடல் பக்கத்துல ஏழு மாடி தோண்டினா தண்ணி வராது?" என்று கேட்டான் ஜாபர்.

"வந்துது. அதுக்கு வேற கவுண்டர்ல டோக்கன் குடுத்து உக்கார வச்சிருந்தாங்க" என்று கண்ணை இமைக்காமல் சொன்னார் ஏகாம்பரம்.

ஜாபர் பைப்பை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். லோகநாயகி பாதி தூரம் அறுத்திருந்தாள். பார்க்க வருகிறவர்களுக்கு உள்ளே ஓடும் ரயில் தெரிய வேண்டுமே, அதனால் முன்பக்கம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

"முதல் மாடியில தண்டவாளம். ரெண்டாவதுல விளக்கு. மூணாவது மாடியில பிளாட்பாரத்துல நிக்கற கூட்டம், கிலோ கணக்குல நிறுத்துத் தர்றான். ஆபீஸ் நேரக் கூட்டம் ஒரு ரகம், மத்தியானக் கூட்டம் ஒரு ரகம். கதவு கிட்டவே நின்னுக்கிட்டு உள்ள நகராத ஆளுங்க தனி பாக்கெட். நாலாவது மாடிதான் மேடம் விசேஷம். ரயில் வர்றதுக்கு முன்னாடி சுரங்கத்துலேர்ந்து ஒரு காத்து வரும் பாருங்க, அதை டப்பாவுல அடைச்சு விக்கறான். சாம்பிளுக்கு ஒண்ணைத் திறந்து காட்டினான். என் முன்னாடி நின்ன ஆளோட விக்கு பறந்து ரெண்டாவது மாடிக்குப் போயிடுச்சு."

"சார், ஒரு டப்பா வாங்கியாந்திருக்கக் கூடாதா? பெயிண்ட் காய வச்சிருக்கலாம்" என்றான் ஜாபர்.

"எந்த பெயிண்ட்?"

"சிங்க் பைப்புக்கு அடிக்கிற பெயிண்ட்" என்றாள் லோகநாயகி. அறுத்து முடிந்திருந்தது. பைப்பின் உட்பக்கம் பென்சிலால் வளையம் வளையமாகக் கோடு போட்டாள், நிஜச் சுரங்கத்தில் கான்கிரீட் வளையங்கள் சேரும் இடம் தெரிகிற மாதிரி. எந்த ஊரில் சமையல்கட்டு பைப்புக்கு உள்ளே கோடு போடுகிறார்கள் என்று ஏகாம்பரம் கேட்கவில்லை. அவர் கதை சொல்லும்போது அவருக்குக் கண் தெரியாது.

"ஏழாவது மாடியில சுரங்கம். ஆனா சுரங்கமா விக்கலை மேடம். தோண்டற மெஷினாத்தான் விக்கறான், நீயே தோண்டிக்கோன்னு. கட்டைவிரல் அளவு. ஜெர்மனிக்காரன் கேட்டு நிக்கறான், ஜப்பான்காரன் கேட்டு நிக்கறான். கடைக்காரன் என்னைப் பார்த்து, 'பெரம்பூருங்களா? அப்ப உங்களுக்குத்தான்'னு குடுத்துட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்து பேட்டரி போட்டேன். போட்ட வேகத்துல சாப்பாட்டு மேசையைத் துளைச்சுது, தரையைத் துளைச்சுது, கீழ் வீட்டுக்காரர் ஷேவ் பண்ணிட்டிருந்தார், கண்ணாடியையும் சேர்த்துத் துளைச்சுக்கிட்டு மண்ணுக்குள்ள போயிடுச்சு."

"அவரு ஒண்ணும் சொல்லலியா?"

"மீசையில பாதி போச்சு. இருந்தாலும், 'உங்க கையால போச்சே, அது போதும்'னார்."

லோகநாயகி சாம்பல் நிறப் பெயிண்டைப் பைப்புக்குள் அடித்தாள். ஜாபர் கீழே போய், கடையில் இருந்த சூடான காற்று ஊதும் மெஷினை எடுத்துவந்து பெயிண்டுக்குக் காட்டினான். மணி மூன்றேகால்.

"விடுவேனா? நானும் பின்னாடியே அந்தச் சுரங்கத்துல பூந்தேன்."

ஜாபர் மெஷினை நிறுத்தினான். ஏகாம்பரத்தின் தொப்பையை ஒரு பார்வை பார்த்தான். "இருங்க சார். கட்டைவிரல் அளவு மெஷின் போட்ட ஓட்டையில நீங்க எப்பிடிப் பூந்தீங்க?"

"மூணு வேளை சாப்பிடலை. நாலாவது வேளை பூந்துட்டேன்."

"இப்ப மறுபடியும்..."

"திரும்பி வந்து சாப்பிட்டேன்ல?"

ஜாபர் மெஷினைத் திரும்பப் போட்டான்.

"உள்ள போனா மேடம், வில்லிவாக்கத்துக்கு நேர் கீழ ஒரு ஊர். ஜனங்க இருக்காங்க. அங்கயும் ஒரு மன்றம், அங்கயும் எட்டடி மேசை. ஆனா அவங்க செய்யறது மேல ஓடுற ரயிலு! வானத்தை எதுல செய்யறதுன்னு தெரியாம முப்பது வருஷமா முழிச்சிட்டிருக்காங்க. என்னைப் பார்த்ததும் காலைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'ஐயா, வானம் எங்க கிடைக்கும்? நீல கலர்லதான் வருமா?' நான் சொன்னேன், நீலத்துக்கு நான் பொறுப்பு, கவலைப்படாதீங்கன்னு. உடனே மாலை போட்டு, அவங்க மன்றத்துக்கு ஆயுள் தலைவராக்கிட்டாங்க."

"அப்ப அவங்களும் மூணு மாசம் கழிச்சு வானம் இல்லாம உக்காந்திருப்பாங்க, பாவம்" என்றாள் லோகநாயகி. முகம் தெரியாத அந்த ஜனங்கள் மேல் அவளுக்கு நிஜமாகவே இரக்கம் வந்தது.

மணி மூன்றரை. பெயிண்ட் காய்ந்துவிட்டது. ஆனால் விதி இருக்கிறதே. ஏகாம்பரம் தன் வாயால் முடிந்தது என்று சொன்னால்தான் அவள் சுரங்கத்தை மேசையில் வைக்க முடியும். பைப்பை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எல்லாம் சரி சார். நாலு மணிக்கு கமிட்டி வருது. நம்ம சுரங்கம் எங்க?"

ஏகாம்பரம் நிதானமாக எழுந்தார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். குனிந்து, பலகையில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"போட்டாச்சு மேடம். நேத்தே முடிஞ்சுது. அந்த மெஷினைப் பிடிச்சு இழுத்துவந்து இந்தப் பலகைக்குள்ளயே விட்டேன். உள்ளேயே தோண்டிட்டுப் போயிடுச்சு. உங்க கண்ணுக்குத் தெரியல, இல்ல? எப்படித் தெரியும்? சுரங்கம்னா பூமிக்கு அடியில இருக்கணும். வெளிய தெரிஞ்சா அது சுரங்கமா? உலகத்துலயே கண்ணுக்குத் தெரியாத ஒரே மாடல் சுரங்கம் இதுதான். கமிட்டிக்காரங்க வந்தா நான் விளக்கிக்கறேன். நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. முன்னாடி வைக்கிற பலகையில 'சுரங்கம்: ஏகாம்பரம்'னு பெரிசா, முதல் வரியில எழுதிடுங்க. சொந்தக்காரங்க எல்லாரையும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். மருமகன் வர்றார்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. மூன்று மாதத்தில் அவர் சொன்ன இரண்டாவது உண்மை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அப்ப உங்க பாகம் முடிஞ்சுதா சார்?" என்று கேட்டாள் லோகநாயகி.

"முடிஞ்சுது!"

"ஜாபர், நீ சாட்சி. காதுல விழுந்துச்சா?"

"நல்லா விழுந்துச்சு அக்கா."

லோகநாயகி எழுந்து, பைப்பைத் தண்டவாளத்தின் மேல் பொருத்தினாள். இரண்டு பக்கமும் பிளாட்பாரச் சுவரோடு ஒரு மயிரிழை இடைவெளியில்லாமல் போய் உட்கார்ந்தது. ஜாபர் சுவிட்சைப் போட்டான். ரயில் நிலையத்தை விட்டுக் கிளம்பி, சாம்பல் சுரங்கத்துக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, வளைவில் திரும்பியது. லோகநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜாபர் அதைப் பார்க்காத மாதிரி இரண்டாவது சுற்றுக்கு வேகத்தைக் கூட்டினான்.

நாலு மணிக்குக் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள், ரயிலை இரண்டு முறை ஓடவிட்டார்கள், தாளில் கையெழுத்துப் போட்டார்கள். "சுரங்கம் பிரமாதம். கிட் எங்க வாங்கினீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"அது பெரிய கதை" என்று ஏகாம்பரம் முன்னால் வந்தார். அதற்குள் ஜாபர் அவர்கள் இருவரையும் டீ சாப்பிட வாருங்கள் என்று கீழே இறக்கிவிட்டான்.

லோகநாயகி பெயர்ப்பலகையை எடுத்து, நிதானமாக எழுத்து எழுதினாள். ஏகாம்பரம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நிலையம், தண்டவாளம், மின்சாரம் என்று வரிசையாக இருந்தது. எட்டுப் பேர் பெயரும் இருந்தது. மூன்று முறை மேலிருந்து கீழே படித்தார்.

"மேடம், என் பேரு?"

"எழுதியாச்சு சார், முதல் வரியில, பெரிசா" என்றாள் லோகநாயகி, பேனாவை மூடிக்கொண்டே. "மேசைக்கு அடியில இருக்கு. உங்க சுரங்கத்துக்குப் பக்கத்துலயே."