தலைக்கவசத்துக்குள் ஒரு மந்திரவாதி

கோவையில் வடவள்ளி போகும் சாலையில் ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அங்கே பல் பார்ப்பதில்லை. பூதம் பார்ப்பார்கள்.

மருத்துவர் நீலாவதி கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேஜையை நடுவே இழுத்துப் போடுவார். ஆட்டம் தொடங்கும். ஆளுக்கு ஒரு வேடம். நீலாவதி உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் அந்த உலகத்தில் தங்கள் வேடம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். இப்படி உலகத்தை விவரிப்பவருக்கு ஆங்கிலத்தில் எஜமான் என்கிற மாதிரி ஒரு பெயர் உண்டு. அது இங்கே யாருக்கும் பிடிக்கவில்லை. குரு என்று வைத்துக்கொண்டார்கள். வாயைத் திற என்று அதட்டியே பழகியவருக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்தியது.

சிஷ்யர்கள் மூவர். பேக்கரி வைத்திருக்கும் ஜமாலுதீன் திருடன் வேடம். பூங்கோதை கொற்றி என்னும் வாள்வீராங்கனை. பூங்கோதையின் கணவர் சத்தியசீலன் மந்திரவாதி.

சத்தியசீலன் காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளர். விபத்தில் சிக்கிய வண்டியைச் சுற்றிவந்து எங்கெங்கே நசுங்கியது என்று சொல்வது அவர் வேலை. நசுங்குவதைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் அவருடைய மந்திரவாதிகள் நிலைக்கவில்லை. முதலாமவன் பாலத்திலிருந்து விழுந்தான். இரண்டாமவனைக் கரடி அடித்தது. மூன்றாமவன் இறந்த விதத்தை அவர் வெளியே சொல்வதில்லை. அதில் ஒரு கோழி சம்பந்தப்பட்டிருந்தது.

நான்காமவன் அகோரநாதன். இரண்டு வருடமாக உயிரோடு இருந்தான். அவனுக்காகச் சத்தியசீலன் அடிக்குறிப்புகளோடு ஒரு வம்சவரலாறே வைத்திருந்தார். அந்த மேஜையில் செத்தவர் செத்தவர்தான். எழுப்பும் மந்திரம் கிடையாது. இப்போது கதை பனிமலையை நெருங்கிவிட்டது. மலை உச்சியில் ஓர் அரக்கன் இருந்தான். சத்தியசீலனுக்கு அலுவலகத்தில்கூட அந்த அரக்கன் நினைப்புதான்.

ஒரு ஞாயிறு, பகடையை எடுக்கும் முன்பே அவர் கேட்டார்.

“டாக்டர், ஒரு சந்தேகம்.”

“டாக்டர் சனிக்கிழமையோட போயாச்சு.”

“சரிங்க குருவே. மந்திரவாதி இரும்புக் கவசம் போடலாங்களா?”

“போடலாமே.”

சத்தியசீலன் ஏமாந்துபோனார். வாதாடுவதற்கு வாரம் முழுக்கத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

“மந்திரம் தடைபடாதுங்களா?”

“மந்திரத்துக்கு என்ன வேணும்?”

“வாய் திறந்து சொல்லணும். விரல்ல முத்திரை பிடிக்கணும்.”

“அது ரெண்டும் நடக்கற மாதிரி போட்டுக்குங்க.”

அன்று முதல் அகோரநாதன் பனிமலை அடிவாரத்தில் ஒரு கொல்லன் வீட்டில் தங்கினான். மற்ற இருவரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். வாரா வாரம் சத்தியசீலன் கவசத்தைத் திருத்தினார். மார்புத் தகடு கையைத் தூக்கவிடவில்லை என்று அக்குளில் வெட்டினார். வெட்டிய இடத்தில் அம்பு நுழையுமே என்று சங்கிலிப் பின்னல் வைத்தார். விரல் நுனிகளை மட்டும் திறந்துவிட்ட கையுறை செய்தார். நுனி போய்விட்டால் முத்திரை எப்படிப் பிடிப்பது என்ற கவலை வந்தது. ஒவ்வொரு விரல் நுனிக்கும் குப்பி போலத் திறந்து மூடும் ஒரு மூடி வைத்தார். யாரும் பிடுங்கிவிடாதபடி மணிக்கட்டு முழுக்கக் கொக்கிகள். தலைக்கு வாளி போன்ற ஒரு கவசம், வாய்க்கு நேரே சல்லடை, கண்ணுக்கு நேரே ஒரு கீறல்.

“அந்தக் கொல்லன் பாவங்க” என்றார் ஜமாலுதீன். “அவனுக்கும் குடும்பம் இருக்கும்.”

“நீங்க திருடப் போற இடத்துல யாரும் அடிக்க மாட்டாங்க ஜமால். என்னைத்தான் குறிவச்சு அடிப்பாங்க.”

“கோழிகூட அடிச்சுதுங்களே.”

பூங்கோதை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஏங்க, எனக்கு ஒரு கேடயம்கூட இல்லை. உங்க சாமியாருக்கு மட்டும் பீரோவே செஞ்சாச்சு” என்றார்.

“நீ முன்னாடி நிக்கறவ. அடி வாங்க வாங்கக் குறையற உயிர்ப் புள்ளி உனக்கு எக்கச்சக்கம். எனக்கு அப்படியா?”

குரு எல்லாவற்றுக்கும் சரி என்றார். கடைசியில் மட்டும் ஒன்று சொன்னார்.

“விரல் மூடியைத் திறந்து முத்திரை பிடிக்கலாம்னு சொல்றீங்க. நம்ம வழக்கம் தெரியுமில்ல?”

தெரியும். அந்த மேஜையில் யாராவது ஒரு காரியம் முடியும் என்று அடித்துச் சொன்னால், அதைச் செய்து காட்ட வேண்டும். ஒருமுறை ஜமாலுதீன் வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டே பாட முடியும் என்றார். கத்திக்குப் பதிலாகப் பல் துலக்கியைக் கவ்விப் பாடினார். ஒரு சொல்லும் புரியவில்லை, திருடன் பிடிபட்டான்.

அடுத்த ஞாயிறு சத்தியசீலன் கவசத்தோடு வந்தார். தலையில் முகத்தை மூடும் ஸ்கூட்டர் ஹெல்மெட். உடம்பில் பழைய சோபாவின் ரெக்சின், உள்ளே அட்டை வைத்து விறைப்பாக. முழங்காலில் தேங்காய்ச் சிரட்டை. கையில் தடித்த ரப்பர் உறைகள், நுனியில் பாட்டில் மூடிகள், மணிக்கட்டில் சுற்றிச் சுற்றி டேப். படியேறி வரும்போது கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டாராம்.

“முத்திரை” என்றார் குரு.

சத்தியசீலன் பாட்டில் மூடிகளைக் கட்டைவிரலால் தட்டித் திறந்தார். முத்திரை பிடித்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அக்கினி மந்திரத்தைச் சொன்னார். அவரே எழுதிய வெண்பா. தளை தட்டவில்லை.

“பலிக்குது” என்றார் குரு. “கவசம் செல்லும்.”

ஜமாலுதீனே கைதட்டினார். ஜமாலுதீன் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த வருக்கித் தட்டைக் குரு நீட்டினார். அகோரநாதனால் எடுக்க முடிந்தது. வாய்க்குக் கொண்டுபோகத்தான் முடியவில்லை. பரவாயில்லை என்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. உச்சியில் பனி கொட்டியது. ஜமாலுதீனின் திருடன் அரக்கனின் குகைக்குள் கயிற்றில் இறங்கி, கயிறு அறுந்து, கீழேயே மாட்டிக்கொண்டான். மேலே கொற்றியும் அகோரநாதனும் மட்டும்.

அரக்கன் தடியை வீசினான். குரு பகடையை உருட்டினார்.

“டங்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒண்ணும் ஆகலை.”

சத்தியசீலன் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார். அக்கினி மந்திரம் சொன்னார். அரக்கனின் தாடி பற்றியது. அரக்கன் மறுபடி அடித்தான். மறுபடி டங். இரண்டு வருடமாகப் பயந்து பயந்து ஆடிய மனிதர் அன்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரெக்சினுக்குள் குனிய முடியாது என்பதும் ஒரு காரணம்.

இரும்பை அடித்து அலுத்துப்போன அரக்கன் பக்கவாட்டில் திரும்பினான். அங்கே கொற்றி இருந்தாள்.

குரு குரலைத் தாழ்த்திக்கொண்டார். நடப்பது அகோரநாதனின் கண் கீறலுக்கு எட்டாத பக்கத்தில், அதனால் ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்கக் கூடாது. தடி கொற்றியின் தோளில் இறங்கியது. அவள் பனியில் விழுந்தாள். யாராவது வெறும் உள்ளங்கையைக் காயத்தின் மேல் வைத்து மந்திரம் சொன்னால் பிழைப்பாள். ஆட்டம் மூன்று முறை சுற்றி வருவதற்குள் வைக்க வேண்டும்.

விழுந்தவர் முனகத்தான் முடியும். வழக்கப்படி பூங்கோதை முனகினார்.

“ஏங்க…”

“டீ ஃபிளாஸ்க்குல இருக்கும் பாரு” என்றார் சத்தியசீலன், திரும்பாமல்.

ஜமாலுதீன் வாயைத் திறந்தார். குரு அவரைப் பார்த்தார். குகைக்குள் இருப்பவன் மேலே இருப்பவனுக்குச் சொல்ல முடியாது. ஜமாலுதீன் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாம் முறையும் அக்கினி. அரக்கனின் புருவமும் போயிற்று.

“ஏங்க… இங்க…”

ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சும் தன் வெண்பாவும்தான் அவருக்குக் கேட்டன. மூன்றாம் முறைக்கு மூடிகளைத் தட்டித் திறந்தவர் தற்செயலாக ஜமாலுதீனைப் பார்த்தார். ஜமாலுதீனின் கையில் தேங்காய் பன் பாதியில் நின்றிருந்தது. ஆட்டத்தில் பூகம்பம் வந்தபோதுகூட ஜமாலுதீன் தின்பதை நிறுத்தியதில்லை.

சத்தியசீலன் உடம்போடு சேர்த்து நாற்காலியையும் திருப்பினார். பூங்கோதை மேஜைமேல் தலைசாய்த்துக் கிடந்தார். கண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வேர்த்து வழிந்தது.

“என்ன ஆச்சு?”

“கொற்றி செத்துக்கிட்டிருக்கா” என்றார் குரு. “இது கடைசி முறை.”

“ஆற்றும் மந்திரம் சொல்றேன்.”

“உள்ளங்கை படணும். கையுறை கழற்றவே ஒரு முறை ஆகும். அத்தனை கொக்கியும் நீங்க வச்சதுதான்.”

“அதுக்குள்ள கழட்ட முடியும்.”

குரு டேப் சுற்றிய மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்து காட்ட வேண்டும் என்று சத்தியசீலனுக்குப் புரிந்தது.

“அரக்கன் தடியை ஓங்கறான்” என்று குரு மெதுவாக விவரிக்கத் தொடங்கினார். “பின்னாடி கொண்டுபோறான்…”

சத்தியசீலன் டேப்பைப் பல்லால் கடித்தார். ஓராண்டு முன்னால் இதே மருத்துவமனையில் சரிசெய்த கடைவாய்ப்பல் அது. மருத்துவர் முகம் சுளித்தார், குரு நிறுத்தவில்லை. “தோளுக்கு மேல தூக்கறான்…” ஒரு உறை வந்தது, பாட்டில் மூடிகள் தரையெங்கும் உருண்டன. குனிய முடியவில்லை. ரெக்சினைப் பிடித்து இழுத்தார். பத்து ஞாயிறு யோசித்துச் செய்த மார்புத் தகடு நடுவில் கிழிந்தது. “இறக்கறான்…” சத்தியசீலன் மேஜைமேல் பாய்ந்து பூங்கோதையின் தோளில் உள்ளங்கையை வைத்தார்.

வெண்பா வரவில்லை. முதல் சீர்கூட வரவில்லை.

“கோதை, எந்திரிம்மா” என்றார்.

ஜமாலுதீன் பன்னை மேஜையில் வைத்தார்.

“அது மந்திரம் இல்லைங்களே” என்றார் ஜமாலுதீன், மெல்ல. சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

“உருட்டுங்க” என்றார் குரு.

பகடை உருண்டு, வருக்கித் தட்டில் மோதி நின்றது. போதுமான எண்.

கொற்றி கண்ணைத் திறந்தாள். அதே நொடி தடி இறங்கியது. கவசமில்லாத அகோரநாதனின் மேல். இந்த முறை டங் என்ற சத்தம் இல்லை. அவனிடம் ஒரே ஓர் உயிர்ப் புள்ளி மிஞ்சியது.

“தூக்கிக்கறேன்” என்று பூங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தார். “தோள்ல போட்டுக்கிட்டு ஓடறேன். மிஞ்சின கயிறைக் கீழ விட்டு ஜமாலண்ணாவையும் இழுத்துக்கறேன்.”

“தூக்க முடியுமா?” என்றார் குரு.

“இப்ப முடியும். இத்தனை நேரம் இருந்த கனம் இல்லை.”

வழக்கப்படி செய்து காட்டத் தயாராகி எழுந்தும்விட்டார். சத்தியசீலன் கும்பிட்டு உட்காரவைத்தார்.

மூவரும் மலை இறங்கினார்கள். பின்னால் பனியில் கிடந்த கவசத்தை அரக்கன் குனிந்து பார்த்ததாகக் குரு சொன்னார். தலைக்கவசத்தை எடுத்துச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டான். பிடித்திருந்தது. துரத்தாமல் போய்விட்டான்.

ஆட்டம் முடிந்தது. ஜமாலுதீன் பாதி பன்னை முடித்தார். பூங்கோதை தரையில் பாட்டில் மூடிகளைப் பொறுக்கினார். பொறுக்கும்போதே, “ஃபிளாஸ்க்குல இருக்குமாம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இன்னும் சில மாதங்களுக்கு வீட்டில் அதுதான் ஓடும் என்று சத்தியசீலனுக்குத் தெரிந்தது.

குரு பகடைகளைப் பல்செட் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். சத்தியசீலன் கிழிந்த ரெக்சினைச் சுருட்டி அக்குளில் இடுக்கியபடி அருகே வந்தார்.

“குருவே.”

“சொல்லுங்க.”

“இதுக்கு அப்புறம் இன்னொரு மலை இருக்குன்னு சொன்னீங்க.”

“இருக்கு. இதைவிடப் பெரிசு.”

“அதுக்கு வேற கவசம் செய்யணும். இந்தத் தடவை முறையா செய்யறேன். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? தலையிலிருந்தா, மார்பிலிருந்தா?”

குரு டப்பாவை மூடினார்.

“எதையெல்லாம் மூடக் கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு வாங்க. மிச்சத்துக்கு எவ்வளவு இரும்பு வேணும்னு அப்புறம் பேசலாம்.”