பதறாத நாற்காலி

“சிரிக்காதீங்க சார், ஆராய்ச்சி கெட்டுடும்,” என்றார் செண்பகராமன்.

“சிரிக்கலை. தும்மலை அடக்குறேன்,” என்றார் எட்வின்.

“தும்மலும் உணர்ச்சிதான்.”

அரவாழி மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தார். ஆராய்ச்சியாளர்கள் மூவரும் மேசைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர் நாற்காலியில் ஜெயசீலி. அவள் விரலில் மாட்டிய கிளிப்பிலிருந்து ஒரு வயர் மீட்டருக்கு வந்தது. பதற்றம் கூடினால் முள் ஏறும்.

பேராசிரியை மங்களவல்லி மாநாட்டுக்குக் கிளம்பும்போது சொல்லியிருந்தார்: “முதல்ல அந்தப் பொண்ணு அமைதியா இருக்கணும். அப்புறம் பொய்யா ஒரு இன்டர்வியூ நடத்திப் பதற வையுங்க. முகத்தைப் பார்த்து இளகிடாதீங்க. மீட்டரை மட்டும் பாருங்க.”

அன்றிலிருந்து அவர்கள் எந்தப் பெண்ணின் முகத்தையும் பார்க்கவில்லை. எட்வின் வீட்டில் இதனால் சிறு தகராறு.

“சார், மூணு மணிக்கு எனக்கு நிஜ இன்டர்வியூ இருக்கு,” என்றாள் ஜெயசீலி. “கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. அரை மணி நேரம்னுதானே கூப்பிட்டீங்க? ரெண்டேகால் ஆயிடுச்சு.”

முள் துள்ளி ஏறியது.

“இப்பவே பதறுறாங்க. ஆரம்பிச்சிடலாமா?” என்றார் எட்வின்.

“அதெப்படி? இது கோர்ட் கொடுத்த பதற்றம். வெளிச்சரக்கு. நம்ம கணக்கில் வராது,” என்றார் செண்பகராமன்.

“அப்ப இது எப்போ இறங்கும்?”

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

“மூணு மணி தாண்டினா தானா இறங்கிடும்,” என்றார் அரவாழி. “அப்புறம் பதற என்ன இருக்கு?”

மற்ற இருவரும் அவர் கையைக் குலுக்கினார்கள். “அம்மா, கவலைப்படாதீங்க,” என்றார் செண்பகராமன், மீட்டரைப் பார்த்து. “மூணு மணி வரைக்கும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்.”

ஜெயசீலி மூவரையும் ஒருமுறை பார்த்தாள். கிளிப்பைக் கழற்றி நாற்காலியின் கையில் மாட்டினாள். ஃபைலையும் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

முள் பூஜ்யத்தில் விழுந்தது.

“பார்த்தீங்களா! மூணுகூட ஆகலை. சொன்னா புரிஞ்சுக்கிறவங்க,” என்றார் எட்வின்.

இன்டர்வியூ தொடங்கியது.

“உங்களுக்கு ஏன் இந்த வேலையைக் கொடுக்கணும்?”

நாற்காலிக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

“ஆயிரத்திலிருந்து பதிமூணு பதிமூணா கழிச்சுச் சொல்லுங்க.”

“தப்பு!” என்றார் அரவாழி.

“இன்னும் சொல்லவே இல்லையே?” என்றார் எட்வின்.

“அதான் தப்பு.”

அந்நேரம் கோர்ட்டில் ஜெயசீலியின் பெயரைக் கூப்பிட்டார்கள். “இருக்கேன் சார்,” என்று எழுந்தாள்.

இங்கே செண்பகராமன் மேசையைத் தட்டினார். மிரட்டினார். தொண்டை கட்டியது. எட்வினின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அரவாழி பென்சிலைக் கடித்தே பாதியாக்கினார். முள் அசையவில்லை.

சாயங்காலம் பேராசிரியை போன் செய்தார். “பதற்றம் வந்துதா?”

“எங்க மூணு பேருக்கும் வந்துடுச்சு மேடம். அவங்களுக்குத்தான் வரலை. இப்படி ஒரு நெஞ்சுறுதியை நான் பார்த்ததே இல்லை,” என்றார் செண்பகராமன்.

“இப்பவும் பார்க்கலை,” என்று திருத்தினார் எட்வின்.

“அப்படியா? எதையும் கலைக்காதீங்க. நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன்.”

மூவரும் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்னோக்கி நடந்தே வாசலுக்குப் போனார்கள். செண்பகராமன் விளக்குகளை அணைத்தார். எட்வின் பூட்டைத் தேடினார்.

அரவாழி சுவரைத் தடவி, ராத்திரி குளிருமே என்று நாற்காலிக்கு மேலிருந்த ஃபேனை ஒரு புள்ளி குறைத்து வைத்தார்.