தண்டனை இலை

ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. வருகிறவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடுகிற மடம். அதன் தலைவர் மருதவாண சாமிக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். அவருடைய சீடர் நல்லசிவத்துக்கோ அறுபது நெருங்கிவிட்டது. ஓர் ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்று, இனி ஆண்டவனே கதி என்று மடத்துக்கு வந்து சேர்ந்தவர். ஆண்டவன் என்ன நினைத்தானோ, இங்கேயும் அவருக்கு மேலாளர் வேலைதான் கொடுத்தான். மடத்தில் அதற்குக் காறுபாறு என்று பெயர். களஞ்சியச் சாவி அவர் இடுப்புக்கு வந்தது.

சாவி இடுப்பில் ஏறியதும் பழைய நடை காலில் ஏறிக்கொண்டது. அடியாத மாடு படியாது என்பது அவருடைய வேதம். சொன்னபடி கேட்டவர்களுக்குப் புது வேட்டி கிடைத்தது. முணுமுணுத்தவர்களுக்குக் கிணற்றடியில் அண்டா தேய்க்கிற வேலை கிடைத்தது. இவை இரண்டும் எல்லா ஊரிலும் உள்ளவைதான். மூன்றாவது ஒன்றை அவர் ஆலையில் கற்றிருந்தார். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது. இன்றைக்கு எத்தனை பேர் வருவார்கள், நாளைக்கு என்ன விசேஷம் என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து உதிர்ந்தால்தான் உண்டு. நாலு பேர் தன்னைத் தேடி வந்து கேட்டு நிற்பதில் அவருக்கு ஒரு சுகம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அப்படியே பழகிவிட்டார், பாவம்.

ஒருநாள் காலையில் ஆள் ஒருவர் வந்து, மதியத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் ஒன்று வருகிறது என்று அவரிடம் சேதி சொல்லிப் போனார். சற்று நேரத்தில் சமையல்காரர் பிச்சாண்டி வந்து, இன்றைக்கு எவ்வளவு அரிசி போடட்டும் என்று கேட்டார். வழக்கம்போலப் போடு, கூட வேண்டுமென்றால் நான் சொல்கிறேன் என்றார் நல்லசிவம். பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தார். வேறு வேலையில் மறந்துபோனார்.

மதியம் கூட்டம் வந்தது. பாதிப் பந்தியில் சோறு தீர்ந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். காலெல்லாம் கொப்புளமாக வந்தவர்கள் மோரைக் குடித்துவிட்டு எழுந்தார்கள். சின்னப் பிள்ளைகளும் அப்படியே எழுந்தன. நல்லசிவத்துக்கு முகம் தீயாக எரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் பிச்சாண்டியின் பக்கம் திரும்பினார்.

"உலை வைக்கிறவனுக்கு ஊர் வர்றது தெரிய வேண்டாமா? இன்னியிலேர்ந்து நீ அடுப்படிக்கு வரக்கூடாது. நான் சொல்றவரைக்கும்."

அந்த மடத்தில் முறையான தண்டனை என்றால் ஒன்றே ஒன்றுதான். முதல் குரு ஏற்படுத்தி வைத்தது. தவறு செய்தவர் வேலை செய்யக்கூடாது. முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தண்டித்தவர் யாரோ அவரே அந்த இலைக்குப் பரிமாற வேண்டும். உப்பு வைப்பதிலிருந்து மோர் ஊற்றுவது வரைக்கும், தண்டனை முடிகிறவரைக்கும். அதனாலேயே முந்தைய காறுபாறுகள் யாரையாவது தண்டித்தால் மறுவேளைக்குள் விட்டுவிடுவார்கள். நல்லசிவம் கோபத்தில் எந்த நாள் வரை என்று சொல்லாமல் தண்டித்துவிட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

பிச்சாண்டி வந்து மன்னிப்புக் கேட்பான், உடனே விட்டுவிடலாம் என்று அவர் காத்திருந்தார். பிச்சாண்டி கேட்கவில்லை. வேளை தவறாமல் வந்து உட்கார்ந்தார், போட்டதைச் சாப்பிட்டார், இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். தானாக விட்டால் தன் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று நல்லசிவம் நினைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு வேளைக்கு வேளை குனிந்தார். இடுப்பு விட்டுப்போயிற்று. அடுப்படியிலோ ஒருநாள் பொங்கல் அடிப்பிடித்தது, ஒருநாள் குழம்பு நீர்த்தது. குருபூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரமே சாப்பிட வரும் நாள் அது. பிச்சாண்டி இல்லாமல் அதைச் சமாளிக்க முடியாது என்பது மடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

கடைசியில் ஒரு மதியம், பந்திகள் எல்லாம் முடிந்த பிறகு, நல்லசிவம் சாமியிடம் போய் நின்றார்.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் மன்னிப்புக் கேட்டுருவான். உங்க பேச்சை மீற மாட்டான்."

"சாவி இருக்கு, வேட்டி இருக்கு, கிணத்தடி இருக்கு. இதுக்கு மேல என் பேச்சும் வேணுமா?"

நல்லசிவம் திரும்பிப் போகப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் சாமி.

இல்லை என்றார் நல்லசிவம். சாமி எழுந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு வெறிச்சோடிக் கிடந்த பந்திக் கூடத்துக்குப் போனார். தானே ஓர் இலை விரித்து, தண்ணீர் தெளித்து, உட்காரச் சொன்னார். உப்பு வைத்தார். மிச்சமிருந்த சோற்றையும் கூட்டையும் கொண்டுவந்து பரிமாறினார்.

நல்லசிவம் சோற்றில் கை வைக்காமல் நிமிர்ந்து பார்த்தார். குரு தன் இலைக்கு முன்னால் குனிகிறார். அந்த மடத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா?

"தெரிஞ்சுபோச்சா சாமி?" என்றார். "கூட்டம் வர்றது எனக்குக் காலையிலேயே தெரியும். அவன் வந்து கேட்டான். நான் சொல்லலை. அந்தப் பிள்ளைங்க பசியோட போனது என்னாலதான். பழியை அவன் தலையில போட்டேன். எத்தனை நாள் வேணும்னாலும் தண்டிங்க."

சாமி கையில் கரண்டியோடு நின்றார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாது நல்லசிவம். பசியா இருப்பீங்கன்னு போட்டேன். ரசம் ஊத்தட்டுமா?"

அன்று மாலை முதல் பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது நல்லசிவம் பிச்சாண்டியின் இலைக்கு முன்னால் போய் நின்றார். வாளி கையில் இல்லை. நடந்ததை அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். தப்பு தன்னுடையது, தண்டனை முடிந்தது, அடுப்படி காத்துக் கிடக்கிறது, எழுந்து வா என்றார்.

பிச்சாண்டி எழுந்திருக்கவில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுங்க. காலையிலேயே ஆள் அனுப்பிச்சோமேன்னு கூட்டத்துல வந்தவங்களே சொன்னாங்க."

"பின்னே ஏன் வாயைத் திறக்கலை?"

"மொதல்ல உங்களுக்குத் தலைகுனிவு ஆயிடுமேன்னு இருந்தேன். அப்புறம்..." பிச்சாண்டி இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சொன்னா எழுப்பி விட்டுருவீங்களேன்னு இருந்தேன். வெவரம் தெரிஞ்ச நாளா நான்தான் எல்லாருக்கும் போட்டிருக்கேன். எங்கம்மா போனப்புறம் என் இலைக்கு முன்னால யாரும் குனிஞ்சதில்லைங்க. நீங்க கோவமாத்தான் போட்டீங்க. சோறு சோறாத்தான் இருந்துது. இன்னும் ஒரு வேளை போடுறீங்களா?"

நல்லசிவம் அவரைப் பார்த்தார். இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தன் மானம் அன்றைக்கே கப்பலேறியிருக்கும். சொல்லாமல் காப்பாற்றியவர் தன்னிடம் ஒரு வேளைச் சோறு கேட்கிறார். நல்லசிவத்துக்கு நன்றியில் நெஞ்சு நிறைந்தது. போய் வாளியை எடுத்துக்கொண்டு வந்தார்.

குருபூஜை குறைவில்லாமல் நடந்தது. அன்று யாரும் பசியோடு போகவில்லை. எல்லாம் முடிந்ததும் நல்லசிவம் சாவியைக் கொண்டுபோய்ச் சாமியின் முன்னால் வைத்தார். இதற்குத் தனக்குத் தகுதியில்லை, வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றார்.

சாமி சாவியைப் பார்க்கவில்லை.

"பிச்சாண்டிக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

"அப்பளத்தை நொறுக்கி ரசத்துல போட்டுக்குவான் சாமி. மோர் வேண்டாம்பான், ஆனா நின்னுக்கிட்டே இருந்தா வாங்கிக்குவான். கத்திரிக்காய்னா இன்னொரு கரண்டி வைக்கணும், வாய்விட்டுக் கேட்க மாட்டான்."

"ஆலையில உங்களுக்குக் கீழே நூறு பேர் இருந்தாங்களே. அவங்களுக்கு?"

நல்லசிவம் யோசித்தார். அவர்களில் ஒருவருக்குக்கூட என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

சாமி சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"ஒருத்தர் ஆச்சு. மடத்துல மத்தவங்களுக்கும் என்ன பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுறவரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும்."