மான்குட்டிக்குப் பூசிய கிராம்புத் தைலம்

நாணல்குட்டைக் கரையில் ஒரு பெரிய நாவல் மரம் இருந்தது. அந்த மரத்தின் பொந்தில் பரிமளம் என்ற புனுகுப்பூனை குடியிருந்தது.

போன மாதம் வரைக்கும் பரிமளத்தின் தொழில், விழுந்த பழம் பொறுக்குவதும் எலி பிடிப்பதும்தான். ஒருநாள் மலையேற வந்த மனிதர்கள் ஒரு பெட்டியை மறந்துவிட்டுப் போனார்கள். உள்ளே குட்டிக் குட்டிக் கண்ணாடிக் குப்பிகள். திறந்து முகர்ந்தால் ஒன்றில் கிராம்பு வாசனை, ஒன்றில் எலுமிச்சம்புல் வாசனை, இன்னொன்றில் யூகலிப்டஸ் வாசனை. அவ்வளவுதான், பரிமளம் அன்றைக்கே வைத்தியராகிவிட்டது. படிப்பு, பயிற்சி என்று நேரத்தை வீணாக்கவில்லை.

காட்டிலும் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வைத்தியரிடமிருந்து கமகமவென்று வாசனை வந்தது. இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

கட்டணம் கிடையாது. சேவைதான். வருகிறவர்கள் கொண்டுவரும் பழங்களை மட்டும், அவர்கள் மனம் புண்படக் கூடாதே என்று, பரிமளம் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த நல்ல மனதினால் அதன் வயிறு நாளுக்கு நாள் பெருத்து வந்தது.

குட்டைக்கு அப்பால் இருந்த புல்வெளியில் அஞ்சலை என்ற மான் தன் குட்டியை வளர்த்து வந்தது. குட்டியின் பெயர் பொட்டு. பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

மான்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குட்டியை உயரமான புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தாய் தள்ளிப் போய் மேயும். போகும் முன் குட்டியை நன்றாக நக்கித் துடைக்கும். ஒரு துளி வாசனைகூட மிஞ்சாது. அடுத்த அடியில் செந்நாய் நடந்து போனாலும் அதற்குத் தெரியாது. ஓடத் தெரியாத குட்டிக்கு அதுதான் வேலி, அதுதான் காவல்.

ஒருநாள் காலை அஞ்சலை மேய்ந்துவிட்டு வந்து பார்த்தால், பொட்டு வயிற்றைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அழுதுகொண்டிருந்தது. வயிறு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

"அம்மா! அரிக்குதும்மா!"

அஞ்சலை ஓடிப்போய்க் குட்டியின் வயிற்றை முகர்ந்து பார்த்தது.

பக்கத்துத் தரையில் முட்டையிட்டிருந்த ஆள்காட்டிக் குருவி எட்டிப் பார்த்தது. காட்டில் என்ன அசைந்தாலும் முதலில் கத்துவது அதுதான். இலை விழுந்தாலும் கத்தும், புலி வந்தாலும் கத்தும். அதனால் அது கத்துவதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"இது காஞ்சொறி பட்ட தடிப்பு, அஞ்சலை! இந்தா பாரு, புல்லுக்கு நடுவுல அந்தக் கொடி படர்ந்து கெடக்கு! புள்ளையைக் குட்டைத் தண்ணியில நல்லா அலசி எடு. வேற எடத்துல படுக்க வை. ஓரிரு நாள்ல தானா அமுங்கிடும்!"

"அவ்வளவுதானா? வேற எதுவும் செய்ய வேணாமா?"

"வேணாம்! சும்மா விடு!"

சும்மா விடுவதா! பெற்ற பிள்ளை துடிக்கும்போது தண்ணீரை ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க எந்தத் தாயால் முடியும்? செலவில்லாத வைத்தியத்தின் மேல் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? அஞ்சலை பொட்டுவைக் கூட்டிக்கொண்டு நேராக நாவல் மரத்தடிக்குப் போனது. போகிற வழியில் மறக்காமல் கொஞ்சம் இலந்தைப் பழமும் கொண்டுபோனது.

மரத்தடியில் நல்ல கூட்டம். வரிசையின் முன்னால் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது.

"பயப்படாம போங்க தங்கச்சி!" என்றது காட்டெருமை. "எனக்கு முதுகுல அரிப்பு இருந்துச்சு. பரிமளம் அக்கா தைலம் போட்டாங்க. போட்ட எடமே தெரியல! எரிச்சலா, ஒண்ணுமே இல்ல!"

அதன் தோல்மேல் தணலைக் கொட்டியிருந்தாலும் அது இதையேதான் சொல்லியிருக்கும். ஆனால் அஞ்சலைக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய உருவம் பொய்யா சொல்லப்போகிறது என்று நினைத்தது.

பரிமளம் பொட்டுவின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தது. கண்ணை மூடியது. ஏதோ யோசிப்பதுபோல் மீசையைத் தடவியது.

"உடம்புல இருக்கற நஞ்செல்லாம் வெளிய வருது, அஞ்சலை. நல்லவேளை, நேரத்தோட கூட்டிட்டு வந்தே!"

"காஞ்சொறி பட்டுச்சுன்னு ஆள்காட்டி சொன்னாளே அக்கா?"

"அவளா! அவ என்ன வைத்தியம் படிச்சவளா?"

இதைக் கேட்டது யார் என்று வரிசையில் ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

"புள்ள தோலு ரொம்ப மெல்லிசு அக்கா. ஒண்ணும் ஆகாதே?"

"என்ன ஆகும்? இதுல என்ன விஷமா கலந்திருக்கு? எல்லாம் இயற்கை! பூ, பட்டை, இலை! இலையிலேருந்து வந்தது என்ன கெடுதல் செஞ்சிடும், சொல்லு!"

பின்னாலேயே பறந்து வந்திருந்த ஆள்காட்டிக்குப் பொறுக்கவில்லை.

"காஞ்சொறியும் இலைதானே!" என்று கத்தியது. "அடியே அஞ்சலை, அரிப்பு கிடக்கட்டும். அந்த வாசனையைப் புள்ளமேல பூசாதே! நீ தினமும் நக்கித் துடைக்கிறது எதுக்கு?"

அஞ்சலையின் காதுகள் விறைத்தன. பரிமளம் உடனே சிரித்தது.

"இதுக்கு நல்லதே பிடிக்காது. வாசனையில நோய் ஓடும்னு காடே சொல்லுது. இவ மட்டும் நாத்தத்துலயே கெடக்கணும்கறா!"

வரிசை முழுவதும் சிரித்தது. வைத்தியர் ஜெயித்துவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

பரிமளம் கிராம்புத் தைலத்தை அப்படியே, வேறெதுவும் கலக்காமல், பொட்டுவின் வயிற்றில் தேய்த்தது. பொட்டு வீல் என்று அலறியது.

"எரியுதும்மா! எரியுது!"

"எரியட்டும், எரியட்டும்! மருந்து வேலை செய்யுது!" என்றது பரிமளம்.

அஞ்சலைக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வைத்தியரே சொல்லும்போது தாய் என்ன செய்வாள்?

உச்சிப்பொழுதுக்குள் தடிப்பெல்லாம் கொப்புளமாகிவிட்டது. அஞ்சலை பதறிப்போய்த் திரும்ப ஓடி வந்தது.

"அக்கா! கொப்புளம் கொப்புளமா வந்திருச்சு!"

"பாத்தியா! நான் சொல்லல? உள்ள இருந்த நஞ்சு மேல வந்திருச்சு! இப்ப விட்டுட்டா எல்லாம் வீணாப் போயிடும். எலுமிச்சம்புல் தைலத்தையும் யூகலிப்டஸ் தைலத்தையும் மேல போட்டாத்தான் முழுசாப் போகும்."

குணமானால் மருந்தினால். மோசமானால் அதுவும் மருந்தினால். இப்படி ஒரு தொழில் அமைய வேண்டுமே! இன்னும் இரண்டு தைலங்கள் ஏறின. இப்போது பொட்டுவிடம் ஊதுபத்திக் கடை முழுவதையும் கொளுத்திவிட்டது போன்ற வாசனை வந்தது. குட்டி அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆனது. அஞ்சலை பொட்டுவை வேறொரு புல் மறைவில் படுக்கவைத்தது. வழக்கம்போல நக்கித் துடைக்கக் குனிந்தது. நாக்கு பட்டதுமே சுரீர் என்று எரிந்தது. அஞ்சலை துள்ளிப் பின்னால் போனது.

அப்போதுதான் அதற்கு உறைத்தது. தன் நாக்குக்கே தாங்காததைக் குழந்தையின் புண்ணில் காலையிலிருந்து தேய்க்க விட்டிருக்கிறது! இன்றைக்கு இந்தக் குட்டியைத் துடைக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது.

ஓடைக்கு அந்தப் பக்கம் செந்நாய்க் கூட்டம் ஒன்று வெறும் வயிற்றோடு படுத்திருந்தது. காற்று திரும்பியது. கூட்டத்தின் தலைவன் மூக்கைத் தூக்கியது.

"என்னடா இது வாசனை?"

"கிராம்பு அண்ணே!" என்றது இன்னொரு செந்நாய். "கூடவே எலுமிச்சம்புல்லும் வருது. அடியில லேசா மான்குட்டி வாசம்!"

"அடடா!" என்று தலைவன் நாக்கைச் சப்புக் கொட்டியது. "இத்தனை நாள் பச்சையாத்தானே தின்னோம்? இன்னைக்கு யாரோ மசாலா தடவி வச்சிருக்காங்க! கெளம்புங்கடா, ஆறிடப் போவுது!"

கூட்டம் ஓடையைத் தாண்டியது. தேடவே வேண்டியிருக்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போவதுபோல் வாசனையே அழைத்துப் போனது.

"செந்நாய்! செந்நாய்!" என்று ஆள்காட்டி வானத்தில் சுற்றிச் சுற்றிக் கத்தியது.

புல்லுக்குள் பொட்டு அசையாமல் படுத்திருந்தது. ஆபத்து வந்தால் மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தது. வயிறு எரிந்தும் குட்டி அதை மீறவில்லை. ஆனால் தைலத்துக்கு யார் சொல்லிக்கொடுப்பது? அது பாட்டுக்குக் காற்றில் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

அஞ்சலை குட்டைக்கு அப்பால் தெரிந்த நாவல் மரத்தைப் பார்த்துக் கதறியது.

"அக்கா! செந்நாய் வருது! இந்த வாசனை போறதுக்கு ஏதாவது குடுங்க!"

பரிமளம் மரத்தின் உச்சிக்கிளையில் இருந்தது. சத்தம் கேட்ட முதல் நொடியிலேயே அது அங்கே போய்விட்டது.

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்லையே, அஞ்சலை! மனசைத் தளர விடாதே! நல்லதையே நினை!"

அஞ்சலை அதற்குமேல் கெஞ்சிக்கொண்டிருக்கவில்லை. பொட்டுவை முட்டி எழுப்பியது. குட்டையின் ஓரத்தில் இருந்த சேற்றுப் பள்ளத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே ஓடியது. அங்கே காட்டெருமை முதுகு மட்டும் வெளியே தெரிய, சேற்றில் சுகமாகப் படுத்திருந்தது.

"அண்ணே! எம்புள்ளையை மறைச்சுக்குங்க!"

காட்டெருமைக்கு எதுவும் மெதுவாகத்தான் புரியும். அது புரிந்துகொள்ளும் வரை அஞ்சலை காத்திருக்கவில்லை. பொட்டுவைச் சேற்றில் உருட்டியது. முதுகு, வயிறு, கால் எல்லாம் சேறு. காட்டெருமையின் விலாவோடு ஒட்டிப் படுக்கவைத்தது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு தான் மட்டும் நாணலுக்குள் போய் நின்றது. குட்டியைக் கண்டுபிடித்துவிட்டால் குறுக்கே பாய்ந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தது. ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

செந்நாய்கள் வந்து சேர்ந்தன. தலைவன் சேற்றோரம் நின்று மூச்சை இழுத்தது.

"வாசனை இங்கதான்டா முடியுது!"

எல்லாம் காட்டெருமையைப் பார்த்தன. அதன் முதுகிலிருந்து கிராம்புத் தைலம் கமகமத்தது. காலையில் பரிமளம் தாராளமாகப் பூசிவிட்டிருந்தது.

"அண்ணே," என்றது ஒரு செந்நாய், "மசாலா தடவுனது இவருக்குத்தான் போல!"

காட்டெருமை மெல்ல எழுந்து நின்றது. கொம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தது.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லைங்க! சும்மா இந்தப் பக்கமா நடந்து வந்தோம்!" என்றது தலைவன். கூட்டம் வந்த வழியே திரும்பிப் போனது.

அத்தனை தைலத்தாலும் அந்தக் காட்டுக்குக் கிடைத்த நன்மை அது ஒன்றுதான். அதுவும் யாரும் நினைத்துச் செய்ததில்லை.

அன்று பொழுது விடியும்வரை அஞ்சலை குட்டியைச் சேற்றிலேயே வைத்துக் காத்தது. பிறகு தண்ணீரில் அலசி அலசி எடுத்தது. தைலம் எதுவும் போடவில்லை. நாளாக ஆகத் தடிப்பு அமுங்கியது, கொப்புளம் காய்ந்தது. கிராம்புத் தைலம் சுட்ட இடத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. வயிற்றில் ஒரு கை அகலத்துக்கு வெறும் தோல், சுருங்கிப் போய்.

பரிமளம் தேடி வந்து பார்த்தது.

"ஆறிடுச்சா! எல்லாம் என் தைலத்தோட மகிமை!"

அஞ்சலை ஆத்திரத்தில் முட்டப்போவதுபோல் தலையைக் குனிந்தது. பரிமளம் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டது.

மறுநாள் நாவல் மரத்தடியில் முன்பைவிடப் பெரிய வரிசை நின்றது. பழைய குப்பிக்குப் புதிய பெயர் வந்திருந்தது. "செந்நாய் விரட்டித் தைலம்! ஒரு கூட்டத்தையே விரட்டுன தைலம்! அந்தக் காட்டெருமையையே கேட்டுப் பாருங்க!" என்று பரிமளம் கூவிக்கொண்டிருந்தது. காட்டெருமையும் பெருமையாகத் தலையை ஆட்டியது.

வரிசையில் ஒரு தாய் முயல் நின்றது. அதன் குட்டியின் காதில் சிறிய தடிப்பு ஒன்று. அஞ்சலை நேராக அதனிடம் போனது.

"எதுக்கும்மா வந்திருக்கே?"

"காதுல சொறி. தைலம் போடலாம்னு. இயற்கை மருந்துதானே அக்கா?"

அஞ்சலை பொட்டுவைத் திருப்பி வயிற்றைக் காட்டியது. முயல் அந்த வெறும் தோலைப் பார்த்தது.

"உன் குட்டியை மோந்து பாரு," என்றது அஞ்சலை.

முயல் முகர்ந்தது. "ஒரு வாசனையும் இல்லையே!"

"அதனாலதான் அது இன்னும் உயிரோட இருக்கு. என் புள்ளையோட காவலை நானே பிடிச்சு வச்சு அழிச்சேன். அது எரியுது எரியுதுன்னு கத்துச்சு. நான் அது பேச்சைக் கேக்காம பூனை பேச்சைக் கேட்டேன்!"

சொல்லிவிட்டு அஞ்சலை எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதது.

"அடுத்தது யாரு?" என்று பரிமளம் கூப்பிட்டது.

முயல் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு குட்டைத் தண்ணீரைப் பார்த்து நடந்தது. அது விட்டுப்போன இடத்தில், பின்னால் நின்ற உடும்பு அவசர அவசரமாக முன்னேறி நின்றது.

இயற்கை என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் எதுவும் மருந்தாகிவிடாது. எரிகிறது என்று குழந்தை அலறும்போது, வைத்தியராக வந்தவரின் வாயை நம்பாமல் குழந்தையின் அலறலை நம்புங்கள்.