முதலாளியின் ஷூ சொன்ன டயர்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பழைய விமானத் தளத்தில் கார்ப் பந்தயம். நேர்கோட்டில் சீறிப் போய் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. மில் முதலாளி ஜெகவீரனுக்குக் கார் மேல் பித்து; அதைவிடத் தன் மேல் பித்து. தன் காருக்கு டயர் மாட்டுகிற மயிலாத்தாளைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தினார்.

"இன்னைக்கு ரேடியல் டயரா, நைலான் டயரா? டயரையும் தொடாதே, பந்தயத் தரையிலும் கால் வைக்காதே. நின்ன இடத்திலிருந்தே சொல்லோணும். தப்பாச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

சக்கரம் வழுக்காமல் இருக்க, ஓடுகிற தரைக்குக் காலையில்தான் பசை ஊற்றியிருந்தார்கள். பிடித்ததா, வெயிலில் காய்ந்து போனதா, யாருக்கும் தெரியாது.

"நான் கால் வைக்கலீங்க. நீங்க அந்தக் கார் கிளம்பற கோட்டு மேல நின்னு சனத்துக்குக் கை காட்டிட்டு வாங்க, சொல்லிப்போடறேன்."

கை காட்டச் சொன்னால் விடுவாரா? போனார், காட்டினார், திரும்பினார். கால் வந்தது, ஷூ வரவில்லை.

"ரேடியலே மாட்டிப்போடறேனுங்க," என்றாள் மயிலாத்தாள். "வழுக்கற தரைன்னா, நசுங்கிக் குடுத்துப் புடிக்கிற நைலான் வேணும். இது முதலாளியையே விடலையே!"

ஷூவைப் பிய்த்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிறகு கார் கிளம்பியது. ஒரு வழுக்கல் இல்லை. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்ப, கண்ணிமைப்பதற்குள் அது அந்தக் கோடியில் இருந்தது. கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது.

அடுத்த பந்தயத்தில் முதலாளி தானே வந்து கேட்டார்: "இன்னைக்கு எந்த டயர், அம்மணி?"

"போய் நின்னுட்டு வாங்க."

விறுவிறுவென்று நடந்தார். இந்த முறை, ஒட்டிக்கொண்டால் போகட்டும் என்று ரப்பர் செருப்பு போட்டு வந்திருந்தார்.