களிமங்கலத்து ரோடும் மூன்றாவது விரலும்

களிமங்கலத்துக்காரர்கள் நல்லவர்கள். சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள், அதுதான் அவர்களிடம் உள்ள ஒரே தொல்லை.

ஊருக்குப் புதிதாக மண் ரோடு போட்டிருந்தார்கள். தார் இனிமேல்தான். கோட்டைச்சாமிக்கு அந்த ரோடு உயிர். மகள் செல்லக்கிளிக்கு அன்று கல்யாணம். மாப்பிள்ளை கார் வாசல்வரை வராவிட்டால் அப்படியே திரும்பிவிடுவதாகச் சம்பந்தி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

விடிந்ததும் ஓவர்சியர் வந்து ரோட்டில் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டார்.

"இதுமேல பாரம் ஏத்தி எவ்வளவு அமுங்குதுன்னு பாருங்க. எடுத்ததும் மண்ணு பழையபடி மேல வரணும். அதுவரைக்கும் ரோட்டுல ஒரு வண்டி ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

ஐந்து பேர் தகட்டில் ஏறினார்கள். தகடு ஒரு விரல் ஆழம் அமுங்கியது. பத்துப் பேர் ஏறினார்கள். மூன்று விரல் அமுங்கியது.

கோட்டைச்சாமிக்குப் பகீரென்றது. "அஞ்சு பேருக்கு ஒரு விரல்னா பத்துப் பேருக்கு ரெண்டுதானப்பா? மூணாவது விரலை அமுக்குனது யாரு?"

"ஒச்சப்பன் காலையில ஒன்பது இட்லி தின்னான். நான் பார்த்தேன்" என்றான் தகட்டில் ஏறிய பத்துப் பேரில் ஒருவனான மாயழகு.

ஒச்சப்பனைத் தனியாக ஏற்றினார்கள். தகடு துளிகூட அசையவில்லை.

"அடப்பாவமே, இவனுக்கு எடையே இல்லையே!" என்று எல்லோரும் கலங்கிப்போனார்கள். காற்று தூக்கிக்கொண்டு போகாமலிருக்க அவனை வேப்பமரத்தில் கட்டிவைத்தார்கள்.

பாரத்தை எடுத்தும் மண் ஒரு விரல்தான் மேலே வந்தது. மீதி இரண்டு விரல் வரவே இல்லை.

"இத்தனை பேரு உத்துப் பார்த்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றான் மாயழகு. எல்லோரும் முதுகைக் காட்டி நின்றார்கள். அப்படியும் வரவில்லை.

ஊர் எல்லையில் ஹாரன் கேட்டது. மாப்பிள்ளை கார்! முகூர்த்தத்துக்கு அரைமணிதான் இருந்தது.

"கார் வாசலுக்கு வருமா, வராதா?" என்று காருக்குள்ளேயிருந்தே சம்பந்தி கத்தினார்.

கோட்டைச்சாமிக்கு அழுகையே வந்துவிட்டது. காரை விட்டால் ஓவர்சியர் பேச்சை மீறினதாகும், விடாவிட்டால் மகள் கல்யாணம் நின்றுபோகும். சட்டென்று அவருக்கு மூளை வேலை செய்தது, அது எப்போதாவது நடப்பதுதான்.

"வண்டிதானய்யா ரோட்டுல ஏறக்கூடாது? தூக்குங்கடா!"

மாப்பிள்ளை, சம்பந்தி, சீர்த்தட்டு எல்லாவற்றோடும் பதினாறு பேர் காரைத் தோளில் தூக்கினார்கள். ஒச்சப்பனுக்குத்தான் எடையில்லையே, அவனை அவிழ்த்துக் கார்மேல் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கால் கணுக்கால்வரை புதைந்தது. ஆனாலும் கார் வாசலுக்கு வந்துவிட்டது, தாலியும் ஏறிவிட்டது.

பந்தி நேரத்தில் ஓவர்சியர் ஓடிவந்தார். "ரோடு முழுக்கப் பள்ளம்! எவன்யா வண்டிய விட்டது?"

கோட்டைச்சாமி பெருமையோடு கைகட்டி நின்றார். "ஒரு வண்டியும் ஏறலைங்கய்யா. பதினாறு பேரு வெறுங்கால்ல நடந்ததுக்கே இந்தப் பள்ளம். நல்லவேளை, காரை மட்டும் கீழ விட்டிருந்தோம்னா, ரோடு என்னத்துக்கு ஆகியிருக்கும்!"